விருந்தாளிகளின் நகரத்தில் எட்டு இரவுகள்

உலகின் எந்த மூலையிலாவது விமானப் போக்குவரத்துத் தடைப்பட்டால் மறுநாள் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு எண்ணிக்கை வெளியாகும். இத்தனை ஆயிரம் பயணிகள் நிர்க்கதி. கூடவே ஒரு படம். பயணப் பெட்டியில் தலைசாய்த்து உறங்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண், அல்லது தந்தையின் தோளில் வாடிக் கிடக்கும் ஒரு குழந்தை. அத்தகைய செய்திகளை நானும் என் பத்திரிகை வாழ்க்கையில் பல தடவைகள் மொழிபெயர்த்திருக்கிறேன், தலைப்புப் போட்டிருக்கிறேன். ஒரு தடவை அந்த எண்ணிக்கைக்குள் நானே ஒருவனாக இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி அப்போது நான் எழுதிய கட்டுரையில் ஒரு விடயத்தை எழுதாமல் விட்டேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில் அதை எழுதுவதே முறை என்று எண்ணுகிறேன்.

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பத்திரிகையாளர்களுக்கான ஒரு வாரப் பயிற்சிப் பட்டறைக்காகத் தாய்லாந்தின் தலைநகர் பாங்கொக்குக்குச் சென்றிருந்தேன். 26ஆம் திகதி இரவு கொழும்பு திரும்புவதற்கு ஆசனம் பதிவாகியிருந்தது. முதல் நாள், 25ஆம் திகதி மாலை, மஞ்சள் சட்டையணிந்த ஆயிரக்கணக்கான ஆர்ப்பாட்டக்காரர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்துக்குள் புகுந்தனர். அன்றிரவே விமானங்கள் நின்றுபோயின. ஓரிரு தினங்களில் நகரின் பழைய விமான நிலையமான டொன் முவாங்கும் அவர்கள் வசமாயிற்று. தலைநகருக்குள் வரவும் வழியில்லை, அங்கிருந்து பறந்து செல்லவும் வழியில்லை.

பின்னணியை வாசகர்கள் மறந்திருக்கலாம். 2006 செப்டெம்பர் 19ஆம் திகதி இராணுவப் புரட்சியொன்றில் பிரதமர் தக்சின் ஷினவத்ர பதவி கவிழ்க்கப்பட்டார். அதன் பின்னர் நடந்த தேர்தலிலும் அவருடைய ஆதரவாளர்களே வென்றனர். அவ்வாறு பிரதமரான சமாக் சுந்தரவேஜ், தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தி ஊதியம் பெற்றமைக்காக 2008 செப்டெம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தினால் பதவியிழந்தார். அவருக்குப் பின் வந்தவர் தக்சினின் மைத்துனர் சோம்சாய் வொங்சாவத். இவரும் போக வேண்டும் என்பதே மஞ்சள் சட்டைக்காரர்களின் கோரிக்கை. ஓகஸ்ட் மாத இறுதியிலேயே பிரதமர் அலுவலக வளாகத்தைக் கைப்பற்றி அங்கே கூடாரமடித்துத் தங்கியிருந்தனர். பெரு நாட்டில் நடந்த மாநாடொன்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சோம்சாய் நாட்டுக்குள் வந்து இறங்காதவாறு தடுப்பதே விமான நிலையத்துக்குள் புகுந்தவர்களின் நோக்கமாகக் கூறப்பட்டது. அவர் வடக்கே சியாங் மாய் நகரில் இறங்கினார். நாங்கள்தான் அகப்பட்டுக்கொண்டோம்.

இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கியிருப்பதாகச் செய்திகள் கூறின. தங்குமிடச் செலவில் ஒரு பகுதியை ஏற்பதாகத் தாய்லாந்து அரசாங்கம் அறிவித்தது. பட்டறை ஏற்பாட்டாளர்கள் ஹோட்டல் அறையை நீடித்துத் தந்தனர். விமானக் கம்பனியின் தொலைபேசி இலக்கமோ மணிக்கணக்கில் இசை வாசித்துவிட்டு ஓய்ந்துபோகும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அந்த இசையைக் கேட்பது ஒரு நித்திய கருமமாயிற்று. எஞ்சிய நேரத்தில் செய்வதற்கு எதுவுமில்லை. நகரத்தைச் சுற்றலாம் என்று புறப்பட்டேன்.

பாங்கொக்கைத் தமிழ் தெரிந்த ஒருவர் பார்ப்பது தனியொரு அனுபவம். அந்நகருக்குத் தாய் மொழியில் வழங்கும் பெயர் குருங் தேப் மகா நக்கோன். தேவர்களின் மாநகரம் என்று பொருள் கொள்ளலாம். விமான நிலையத்துக்கு அவர்கள் எழுதும் சொல் 'தா ஆகாத்சயான்'. ஆகாச யானங்கள் வந்து சேரும் துறை! சுவர்ணபூமி என்ற பெயரோ மகாவம்சம் படித்த எவருக்கும் பழக்கமானது. அசோகச் சக்கரவர்த்தியின் காலத்தில் சோண, உத்தர என்னும் இரு தேரர்கள் அனுப்பப்பட்டதாக மகாவம்சம் கூறும் தேசம் அது. அந்தப் பொன்பூமியின் வாயிலைத்தான் இப்போது பூட்டி வைத்திருந்தனர்.

முதல் இரண்டு நாட்களும் சாவ் பிரயா ஆற்றில் படகில் போனேன். சாத்தோர்ன் துறையில் ஏறினால் இருகரையும் பார்த்தவாறு வடக்கே செல்லலாம். மாடமாளிகை ஹோட்டல்களும் தகரக் கூரை வீடுகளும் மாறி மாறி வரும். அருணன் பெயரைத் தாங்கிய வாட் அருண் விகாரையின் கோபுரம் மேற்குக் கரையில் எழுந்து நிற்கும். படகு துறையை அணுகும்போது பின்புறம் நிற்கும் உதவியாளர் விசில் ஊதியே ஓட்டுநருக்கு வழிகாட்டுவார். அந்த விசிலின் ஏற்ற இறக்கங்களே ஒரு மொழி. சென் செப் கால்வாய்ப் படகு வேறொரு ரகம். கறுத்த நீர் தெறிக்காமலிருக்கப் பயணிகளே பக்கவாட்டுப் பிளாஸ்டிக் திரையைக் கயிற்றால் இழுத்து உயர்த்த வேண்டும். தலைக்கவசம் அணிந்த பெண் ஒருத்தி ஓடும் படகின் விளிம்பில் நடந்தபடி டிக்கட் தருவாள். அலுவலகம் செல்வோர், பாடசாலைப் பிள்ளைகள், சந்தைக்காரிகள் எல்லோரும் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தனர். நாட்டின் வாயில் மூடப்பட்டிருப்பது அந்தக் கால்வாயில் எவருடைய முகத்திலும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை பழைய நகருக்குச் சென்றேன். செந்நிறத் தேக்கு மரத்தூண்கள் வானளாவ நிற்கும் பெரிய ஊஞ்சல், அதனருகே தேவஸ்தான் எனப்படும் பிராமணர் கோயில். பாங்கொக் தலைநகராகிய 1782ஆம் ஆண்டுக்குச் சற்றுப் பின்னர், முதலாம் இராம மன்னர் 1784இல் அமைத்தது. மார்கழிக் காலத்தில் இங்கே நிகழும் திரியம்பாவை, திரிபாவை விழாவின் பெயர் திருவெம்பாவை, திருப்பாவையின் மருவல் என்பதையும், அங்குள்ள பிராமணர்கள் பொருள் அறியாமலே தமிழ்ப் பாடல்களை ஓதி வருவதையும் தனிநாயகம் அடிகளார் எழுதியிருப்பதைப் பல்கலைக்கழக நாட்களில் படித்திருந்தேன். நான் போன நேரத்தில் கோயிலில் எவருமில்லை. ஒரு முதியவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் லோக பிரசாத் இருக்கிறது. முப்பத்தேழு உலோகக் கூர்முடிகளைக் கொண்ட மாடம். அனுராதபுரத்தின் லோவமகாபாயவை முன்மாதிரியாக வைத்து மூன்றாம் இராம மன்னர் காலத்தில் கட்டத் தொடங்கப்பட்டது. அனுராதபுரத்தில் இன்று கற்றூண்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. உயர்ந்து நிற்கும் மாடத்தைப் பாங்கொக்கில்தான் காண முடியும். கடன் ஒருவழிப்பட்டதல்ல. இலங்கையில் உபசம்பதா மரபு அற்றுப்போயிருந்தபோது, கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் வேண்டுகோளின் பேரில் உபாலி தேரர் சயாமின் அயுத்தியாவிலிருந்து வந்து 1753இல் அம்மரபை மீள நிறுவினார். மல்வத்தையும் அஸ்கிரியவும் இன்றும் சயாம் நிக்காயத்தைச் சேர்ந்தவையே. அந்த மன்னனோ தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். வந்தேறு குடியென்று சிலர் ஏளனம் செய்யும் வம்சத்து அரசன், அந்நிய தேசத்துத் துறவியை விருந்தாளியாக அழைத்து வந்து இந்நாட்டின் பௌத்தத்தைக் காப்பாற்றினான். இதை நம் நாட்டுப் பாடப் புத்தகங்கள் மேலோட்டமாகச் சொல்லிச் செல்கின்றன. விருந்தாளி என்ற சொல் அன்று என் மனதில் விழுந்தது. அன்று மாலையே அது வேறொரு பொருளுடன் திரும்பி வந்தது.

28ஆம் திகதி வெள்ளிக்கிழமை. சீலோம் வீதியில் உள்ள மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் குடியேறிகள் எழுப்பிய கோயில். இன்று அங்கே வழிபடுவோரில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களே. சாமந்தி மாலைகளும் தேங்காயும் பழத்தட்டும் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கோயிலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வாட் கெக். கெக் என்றால் விருந்தாளி. தெற்காசியர்களையும் முஸ்லிம்களையும் பொதுவாக அவர்கள் அச்சொல்லாலேயே குறிக்கிறார்கள். எத்தனை தலைமுறை அங்கே வாழ்ந்தாலும் கெக்தான். விருந்தாளி என்பது உபசாரச் சொல்லாகவும் இருக்கலாம், நீ இவ்விடத்தவன் அல்லன் என்பதை நினைவூட்டும் சொல்லாகவும் இருக்கலாம் என்பதை ஓர் இலங்கைத் தமிழனுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

பிரகாரத்தில் திருநீறு பூசிக்கொண்டு நின்ற என்னை ஒருவர் வெகுநேரம் கவனித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது மதிக்கலாம். மெலிந்த உடல், நன்கு தேய்த்த சேர்ட். அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் சிலோனோ?"

ஆமென்றேன். கொழும்பிலிருந்து வந்ததையும் விமானம் இல்லாமல் நிற்பதையும் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. தான் கிளிநொச்சிப் பக்கம் என்றார். மனைவி, ஒன்பது வயது மகளுடன் பாங்கொக் வந்து இரண்டு வருடம் முடியப்போகிறதாம்.

"வாங்கோ ஐயா, றூம் பக்கத்திலைதான். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

பக்கத்தில் என்றாரே தவிர, வீதிகளைத் தவிர்த்துச் சந்துகள் வழியாகவே நெடுநேரம் அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் சட்டென்று நின்று ஒரு கடைக்குள் நுழைந்து எதையோ விலை கேட்பதுபோல் பாசாங்கு செய்தார். வெளியே மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ்காரர் போனார். அவர் போன பின்னர்தான் நடை தொடர்ந்தது.

நான்கு மாடிக் கட்டடமொன்றின் பின்புறம் ஒரே அறை. ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி, சுவரில் நல்லூர் முருகன் படம் போட்ட பழைய கலண்டர். மகள் தரையில் படுத்தபடி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பாடசாலைக்குப் போவதில்லை. தாய்தான் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறார். அந்த அம்மா பால் இல்லாத தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தந்தார். தந்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "ஊரிலை மழையாம், உண்மையோ?" என்பதுதான்.

அது நிஷா சூறாவளி அடித்த வாரம். யாழ்ப்பாணமும் வன்னியும் வெள்ளத்தில் மிதந்தன. என் தாயாரின் வீட்டு முற்றத்திலும் முழங்காலளவு தண்ணீர் என்று மனைவி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். வன்னியிலோ மக்கள் யுத்தத்தினால் இடம்பெயர்ந்து மரங்களின் கீழும் தரப்பாள் கூடாரங்களிலும் இருந்தனர். இராணுவம் கிளிநொச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் பெற்றோர் அங்கே இருந்தனர். மூன்று கிழமையாகத் தொடர்பில்லை என்றார். நான் பத்திரிகைக்காரன் என்பதால் எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நம்பினார். எனக்குத் தெரிந்ததில் அவருக்குச் சொல்லக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

அவர்களிடம் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயத்தில் பதிவு செய்த ஒரு கடதாசி இருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சாமிப் படத்தின் பின்னால் வைத்திருந்தனர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் தாய்லாந்து கையெழுத்திட்ட நாடல்ல. எனவே அந்தக் கடதாசி மூன்றாவது நாடொன்றில் குடியேற உதவலாமே தவிர, தெருவில் பிடிக்கும் பொலிஸ்காரரிடமிருந்து காப்பாற்றாது. வீசா முடிந்தவர் எவராயினும் அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்தான். பிடிபட்டால் சுவான் புளு என்ற இடத்திலுள்ள குடிவரவுத் தடுப்பு நிலையம். அங்கிருந்து வெளியேற இரண்டு வழிகள். வேறொரு நாடு ஏற்பது, அல்லது சொந்த நாட்டுக்குத் திரும்புவது.

விடைபெறும்போது அவர் கேட்டார்.

"ஐயாவுக்கு எப்ப பிளேன்?"

"தெரியாது. அவங்கள் எழும்பினால்தான்."

"எங்களுக்கும் அப்பிடித்தான். ஆர் எழும்போணுமெண்டுதான் தெரியேல்லை" என்று சிரித்தார். மனைவியும் சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தின் முனைவரை வந்து, பெரிய வீதி கண்ணில் படும் இடத்திலேயே நின்றுகொண்டார். அதற்கு அப்பால் அவர் வரவில்லை.

அன்றிரவு ஹோட்டல் அறையில் தொலைக்காட்சியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் மும்பையில் தாஜ் ஹோட்டல் எரிந்துகொண்டிருந்தது. மறுபக்கம் சுவர்ணபூமியில் சிக்கிய உல்லாசப் பயணிகள். ஒரு முதிய தம்பதியர் கண்ணீர் மல்கச் சொன்னார்கள், எங்களுக்கு வீடு செல்ல வேண்டும், எப்போது என்று எவராவது சொன்னால் போதும் என்று. அவர்களுடைய துயரத்தைச் சிறிதாக்குவது என் நோக்கமல்ல. மருந்து தீர்ந்தவர்கள், வேலையை இழக்கும் நிலையிலிருந்தவர்கள், மரண வீட்டுக்குப் போக முடியாதவர்கள் அக்கூட்டத்தில் இருந்தனர். ஆனால் அதே வாக்கியத்தை அதே நகரத்தில், ஒரு கமெராவும் எட்டிப் பார்க்காத ஓர் அறையில், சில மணி நேரத்துக்கு முன்னர் நான் கேட்டிருந்தேன். அவர்கள் அந்த இரண்டு இலட்சத்துக்குள் சேர்க்கப்படவில்லை. பயணச்சீட்டு வைத்திருந்தவர்களையே அந்தக் கணக்கு எண்ணியது.

டிசம்பர் 2ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் ஆளும் கட்சியையும் அதன் இரு கூட்டணிக் கட்சிகளையும் கலைத்துத் தீர்ப்பளித்தது. சோம்சாய் ஐந்து ஆண்டுகளுக்கு அரசியலிலிருந்து விலக்கப்பட்டார். மறுநாள் மஞ்சள் சட்டைக்காரர்கள் வெற்றி முழக்கத்துடன் விமான நிலையத்தைக் கையளித்துவிட்டு வெளியேறினர். 4ஆம் திகதி இரவு எனக்கு ஆசனம் கிடைத்தது. புறப்பாட்டு மண்டபத்தில் திருப்பாற்கடல் கடையும் காட்சியை வண்ணச் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். வாசுகியின் ஒரு பக்கம் தேவர்கள், மறுபக்கம் அசுரர்கள். இழுத்தவர்கள் இரு தரப்பார். கக்கிய நஞ்சு யாருக்குப் போயிற்று என்பது நாமறிந்த கதை. புராணத்தில் அதை விழுங்க ஒரு நீலகண்டன் இருந்தான். அரசியலில் அந்தப் பங்கு வேறு ஆட்களின் தலையில் விழுகிறது.

கட்டுநாயக்காவில் இறங்கி, கொழும்புக்கு வரும் வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் தேசிய அடையாள அட்டை, பிறந்த இடம், வெள்ளவத்தையில் தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவு. அதற்கு முந்திய ஆண்டு, 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டதும், உயர்நீதிமன்றம் தலையிட்டே அது நிறுத்தப்பட்டதும் எவருக்கும் மறந்திருக்கவில்லை. "எதற்காகக் கொழும்பில் இருக்கிறீர்?" என்று கடைசிச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய் மரியாதையுடனேயே கேட்டான். இருபது வருடமாக அந்நகரில் வரி கட்டி வாழ்பவன் நான். கெக் என்ற சொல் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் ஞாயிறு பதிப்பில் என் பயணக் கட்டுரை வெளிவந்தது. ஆறு, படகு, ஊஞ்சல், லோக பிரசாத், விமான நிலையத்தில் தவித்த பயணிகள் எல்லாம் இருந்தன. அந்த அறை இருக்கவில்லை. அவர்களுடைய பாதுகாப்புக் கருதியே எழுதவில்லை என்று ஆசிரியபீடத்து நண்பரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. இடம், வயது, ஊர் எதையும் குறிப்பிடாமல் எழுதியிருக்க முடியும். மறுபாதி உண்மை, நான் என் பாதுகாப்பைக் கருதினேன் என்பது. தப்பியோடிய வன்னித் தமிழர் ஒருவரின் அறையில் தேநீர் குடித்தேன் என்று எழுதினால் அதை யார் எப்படி வாசிப்பார்கள் என்பதை அன்றைய கொழும்பில் எழுதிக்கொண்டிருந்த எந்தத் தமிழ்ப் பத்திரிகையாளனும் முதலில் எண்ணிப் பார்ப்பான். ஒரு மாதம் கழித்து, 2009 ஜனவரி 8ஆம் திகதி, லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் கொல்லப்பட்டபோது நான் செய்தது சரியே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. இன்றுவரை அந்தச் சமாதானம் முழுமையாக ஒட்டவில்லை.

2010 ஒக்டோபரில் பாங்கொக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் சுற்றிவளைப்புகளில் கைதானார்கள் என்ற செய்தி என் மேசைக்கு வந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் தாய்லாந்திலிருந்து புறப்பட்ட எம்.வி. சன் சீ கப்பல் 492 பேருடன் கனடாவை அடைந்திருந்தது. அந்தக் குடும்பம் கப்பலில் இருந்ததா, கைதானவர்களுள் இருந்ததா என்று நான் தேடினேன். அவர் தந்த தொலைபேசி இலக்கம் அதற்கு முன்பே உயிரற்றுப் போயிருந்தது.

மஞ்சள் சட்டைக்காரர்களின் கதை வேறு விதமாக முடிந்தது. அவர்களுடைய மேடையில் பேசிய ஒருவர் சில வாரங்களில் வெளிநாட்டமைச்சரானார். இழப்பீடாக 522 மில்லியன் பாத் செலுத்துமாறு தலைவர்களுக்கு எதிராக 2011இல் தீர்ப்பாகி, 2017இல் அது உறுதியானது உண்மைதான். ஆனால் குற்றவியல் வழக்கு 2024 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து அனைவரும் விடுவிக்கப்பட்டனர். அவசரகால ஆணையை மீறியதற்காகச் சிலருக்குத் தலா 20,000 பாத் அபராதம். 2010இல் அதே நகரின் வீதிகளை மறித்த சிவப்புச் சட்டைக்காரர்களின் போராட்டம் ஒடுக்கப்பட்டபோது தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் வாயிலை ஒரு வாரத்துக்கும் மேல் பூட்டியவர்களுக்கு அபராதம். வீசா முடிந்த ஒரு விவசாயிக்குக் காலவரையறையற்ற தடுப்பு. சட்டம் எழுத்தில் ஒன்றுதான். அது எவர்மீது எவ்வளவு பாரத்துடன் இறங்குகிறது என்பதை அவர் யாருடைய ஆள் என்பதே தீர்மானிக்கிறது. இதைத் தாய்லாந்தின் குறையாக மட்டும் சொல்லி முடிக்க எனக்கு உரிமையில்லை.

ஏனெனில் இலங்கையும் அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திட்ட நாடல்ல. உலகெங்கும் அகதிகளாகப் போன மக்களைக் கொண்ட நாம், நம்மிடம் வந்தவர்களை எப்படி நடத்தினோம்? 2017 செப்டெம்பரில் கல்கிசையில் ஐ.நா. பாதுகாப்பில் தங்கியிருந்த ரோஹிங்கியர் முப்பத்தொரு பேரைப் பிக்குகள் தலைமையிலான கும்பல் முற்றுகையிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் நூற்றுக்கணக்கில் துரத்தப்பட்டனர். அவர்களுள் பலர் தம் நாட்டில் தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள். 2020இல் கொரோனாவினால் கட்டுநாயக்கா மூடப்பட்டபோது, வளைகுடா நாடுகளில் வேலையிழந்த நம் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். அவர்கள் நம் பிரஜைகள், கையில் நம் கடவுச்சீட்டு. அவர்களும் நோய் காவி வருபவர்களாகப் பேசப்பட்டனர். வீட்டுக்காரரும் விருந்தாளியாகும் கணம் அது.

எனினும் ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்களுடன் ஒரு படகு முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்து, முள்ளிவாய்க்கால் கரையை அண்டியது. முதலில் கண்டவர்கள் மீனவர்கள். ஊர் மக்கள் உணவும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள். 2009இல் அதே மணலில் உணவும் தண்ணீருமின்றிக் கிடந்த மக்கள் அவர்கள். எந்தச் சமவாயத்தில் எவர் கையெழுத்திட்டார் என்று அவர்கள் கேட்கவில்லை. பின்னர் அரசாங்கம் வந்தது, படிவங்கள் வந்தன, முகாம் வந்தது. அந்த முதல் சில மணி நேரத்தில் மட்டும் விருந்தாளி என்ற சொல் தன் பழைய பொருளில் இருந்தது.

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. விமானங்கள் நிற்கும்போது விமான நிலையத்துக்குப் போங்கள், எண்ணிக்கையை எழுதுங்கள். அது நம் கடமை. அன்று மாலை அதே நகரத்தில் வேறு யார் காத்திருக்கிறார்கள் என்றும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். என் காத்திருப்பு எட்டு இரவுகளில் முடிந்தது. அதன் கதையைச் சொல்ல எனக்கு ஒரு ஞாயிறு பதிப்பின் முழுப் பக்கமும் கிடைத்தது. அந்தச் சிறுமிக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். எங்கே இருந்தாலும், அவள் பெற்றோர் எனக்குத் தந்த தேநீரை நான் மறக்கவில்லை என்பதையாவது இந்தப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.